மெர்சியாக்காரர்களுக்கு நம்மேல் என்ன கோபம்?

சென்ற தீபாவளிக்கு மகள் குடும்பத்தோடு புனேயிலிருந்து வந்திருந்தாள். பட்சணத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் ஏதோ ஒரு ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்த பேரன் திடீரென்று என் பக்கம் திரும்பி, "தாத்தா, இந்த ஏலியன்ஸ் எல்லாம் ஏன் எப்பப் பார்த்தாலும் நம்மள அழிக்கவே வராங்க? அவங்களுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்று கேட்டான். "அவர்கிட்டப் போய்க் கேக்கறியே, விடியற வரைக்கும் கதை சொல்லுவார்" என்று சமையலறையிலிருந்து மகளின் குரல் வந்தது. பேரன் பயந்துபோய்ப் படத்துக்குத் திரும்பிவிட்டான். நான் பரணில் ஏறிவிட்டேன்.

பரணில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி. அதில் இருப்பவை 1978-லிருந்து பத்து வருடங்கள் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் ஒன்றிரண்டு ரூபாய்க்கு நான் வாங்கிச் சேர்த்த விஞ்ஞானக் கதைகள். அலுவலகம் விட்டு வரும்போது ரயிலிலிருந்து இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு, அப்படியே புத்தகக் குவியலையும் ஒரு கிளறு கிளறிவிட்டு வீட்டுக்குப் போவது அந்நாளைய வழக்கம். அந்தப் பெட்டியில்தான் பேரனின் கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை மிக நல்ல பதில் இருக்கிறது. அவனிடம் சொல்ல வாய்க்காததை நம் சங்க இதழின் வாசகர்களிடம் சொல்லலாம் என்று எழுதுகிறேன். விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வுக்காக வாரா வாரம் காத்திருந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்கு இது பிடிக்கும்.

எழுதியவர் பெயர் பௌல் ஆண்டர்சன். 1926-ல் அமெரிக்காவில், டென்மார்க் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தை இறந்தபின் சிறுவயதில் சில காலம் டென்மார்க்கில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தார். ஆனால் பட்டம் வாங்கியதோடு சரி, வாழ்நாள் முழுதும் எழுத்துத்தான். 2001-ல் மறைந்தார். விஞ்ஞானக் கதைகளுக்குத் தரப்படும் ஹ்யூகோ விருதை ஏழு முறை பெற்றவர். அவர் எழுதிய ஏராளமான கதைகளில் ஒரு நீண்ட வரிசை, விண்மீன்களுக்கிடையே மனிதர்கள் பரவி, வியாபாரம் செய்து, பேரரசு அமைத்து, அதுவும் சரிந்துபோகும் பல நூற்றாண்டுச் சரித்திரத்தைச் சொல்கிறது. அந்த வரிசையின் நடுப்பகுதியில் வருவதுதான் பூமிப் பேரரசுக்கும் மெர்சியாவுக்கும் இடையிலான இழுபறி.

பூமிப் பேரரசு பெரியது. ஏறத்தாழ 400 ஒளியாண்டு அகலமுள்ள ஒரு கோளம் முழுவதும் அதன் கொடி பறக்கிறது. வயதும் ஆகிவிட்டது. அரண்மனையில் கேளிக்கை, மாகாணங்களில் லஞ்சம், எல்லையில் மட்டும் சில உண்மையான ஊழியர்கள். வரிசையின் ஒரு முக்கிய நாவலான 'என்சைன் ஃப்ளாண்ட்ரி' 1966-ல் வந்தது. அது சக்கரவர்த்தியின் பிறந்தநாள் விருந்தில்தான் தொடங்குகிறது. அவர் திருநாமம் ஜியார்ஜியோஸ் மேனுவல் கிருஷ்ணா முராசாகி. வம்சமோ வாங் வம்சம். கிரேக்கம், இந்தியா, ஜப்பான், சீனா நான்கும் ஒரே பெயரில். முதன்முதலில் அதைப் படித்தபோது மின்சார ரயிலில் நின்றுகொண்டே சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், பல இனங்கள் கலந்துபோன ஒரு பேரரசை ஒரே வரியில் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

மெர்சியா சிறியது, இளையது, பசி உள்ளது. அங்குள்ளவர்கள் நம்மைவிட ஓங்கிய உருவம், பச்சை நிறம், ரோமமே இல்லாத உடல், நெற்றியிலிருந்து முதுகு வழியாக வால் நுனி வரை ரம்பம் போன்ற ஒரு வரிசை. அந்தக் கனத்த வாலை ஊன்றிக்கொண்டு உட்காருவார்கள். குட்டி போடும் இனம். நம் காற்றையே சுவாசிக்கிறார்கள். நமக்கு வசதியான கிரகம் எதுவோ அதுவே அவர்களுக்கும் வசதி. சண்டைக்கு இது ஒன்றே போதும். ஒருவன் தண்ணீரிலும் மற்றவன் மரத்திலும் வாழ்ந்தால் வேலித் தகராறு எப்படி வரும்?

அவர்களுடைய ஆட்சி முறை சுவாரசியமானது. 'வாக்' என்று சொல்லப்படும் பெருங்குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் 'கை' என்ற பட்டப்பெயருடைய ஒரு தலைவர். எல்லோருக்கும் மேலே ராய்துன் என்னும் அரசர். அவரை நிலமில்லாத ஒரே ஒரு குலத்திலிருந்துதான் தேர்ந்தெடுப்பார்கள். சொந்தமாக மண் இல்லாதவன்தான் எல்லா மண்ணுக்கும் பொதுவாக இருக்க முடியும் என்பது கணக்கு. உண்மையான அதிகாரம் ராய்துனின் சபைக்குத் தலைமை தாங்கும் பிரெக்டன் அயர்ன்ரீட் போன்றவர்களிடம். இந்தப் பிரெக்டன்தான் பூமிக்குப் பரம எதிரி. ஆனால் ஆண்டர்சன் அவரைக் கோரைப்பல் முளைத்த அரக்கனாகக் காட்டவில்லை. தன் வீட்டு மாடத்தில் நின்று மாலைச் சூரியனைப் பார்ப்பவர், பிள்ளைகளிடம் பிரியமுள்ளவர், சொன்ன சொல் தவறாதவர். தன் இனத்துக்கு விண்மீன்களெல்லாம் உரியவை என்று மட்டும் உறுதியாக நம்புகிறவர். அந்த நம்பிக்கை ஒன்றுதான் ஆபத்து.

சரி, பேரனின் கேள்விக்கு வருவோம். கோபம் எங்கிருந்து வந்தது?

'டே ஆஃப் பர்னிங்' என்ற கதை 1967-ல் வேறு தலைப்பில் பத்திரிகையில் வந்தது. பேரரசு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய காலம். அப்போது மனித வணிகர்கள்தான் விண்மீன் தோறும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். மெர்சியா ஏறக்குறைய நம் இருபதாம் நூற்றாண்டு போல இருக்கிறது: ஆலைகள் உண்டு, ராக்கெட்டுகள் உண்டு, பல நாடுகளாகப் பிரிந்து முறைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அருகே வாலண்டரே என்ற விண்மீன் வெடித்துவிட்டது. வெடிப்பின் ஒளியும் கதிர்வீச்சும் சில ஆண்டுகளில் மெர்சியாவை வந்து தாக்கப் போகின்றன. இது வெறும் கற்பனைப் பயமும் அல்ல. நம் சூரியனுக்கு முப்பது ஒளியாண்டுக்குள் ஒரு சூப்பர்நோவா வெடித்தால் ஓசோன் படலம் சிதைந்துவிடும் என்று விஞ்ஞானிகளே கணித்திருக்கிறார்கள். கதையில் அதைவிட மிக அருகில் வெடிக்கிறது.

டேவிட் ஃபால்கெய்ன் என்ற வணிகர் தன் சிறு குழுவோடு உதவிக்குப் போகிறார். மின்னணுக் கருவிகளுக்குக் கவசம், உணவுச் சேமிப்பு, மக்களை இடம் மாற்றுவது என்று கிரகம் முழுவதையும் ஒரே கையில் பிடித்து வேலை வாங்க வேண்டும். எந்தக் குலத்திடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் மற்றக் குலங்கள் ஒத்துக்கொள்ளாது. யாரையும் சேராதது, எல்லா ஊரிலும் ஆள் உள்ளது என்று பார்த்தால் ஒரே ஒரு அமைப்புத்தான் அகப்படுகிறது: கெத்ஃபென்னு என்ற கொள்ளைக் கூட்டம். வேறு வழியில்லாமல் ஃபால்கெய்ன் அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். கிரகம் பிழைக்கிறது.

பிழைத்தவர்கள் மன்னிக்கவில்லை. பரம்பரைப் பெருமையுள்ள குலத் தலைவர்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, ஊரறிந்த திருடனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்து, அவன் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கவைத்த அவமானம் தலைமுறை தலைமுறையாக ஆறவில்லை. இனி எவனிடமும் கையேந்தும் நிலை நமக்கு வரக்கூடாது என்ற வைராக்கியம் பிறக்கிறது. அந்த வைராக்கியம்தான் பிற்காலத்தில் போர்க்கப்பல்களாகத் திரும்பி வருகிறது.

இந்த இடத்தைப் படித்தபோதெல்லாம் முன்பு எனக்கு மெர்சியாக்காரர்கள் நன்றி கெட்டவர்கள் என்றே தோன்றும். 1991-க்குப் பிறகு அப்படித் தோன்றுவதில்லை. அந்த வருடம் ஊரில் என் பெரியப்பா மகன் நடத்திவந்த ஜவுளிக்கடை கடனில் மூழ்கியது. பம்பாய்ச் சம்பளக்காரன் என்ற மிதப்போடு நான் போய் இறங்கினேன். சேமிப்பிலிருந்து பாதி, மீதிக்கு, எவனைக் கண்டால் அண்ணாவுக்கு ஆகாதோ அந்த வட்டிக்கடைக்காரனிடமே பேசி, தவணை வாங்கி, நாலு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். கடை தப்பியது. அடுத்த வருடம் என் தங்கை கல்யாணத்துக்கு அண்ணா வரவில்லை. பதினோரு வருடம் பேசவில்லை. நான் செய்ததில் ஒரு பைசா தப்பு இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்ணாவிடம் ஒரு வார்த்தை கலந்து செய்திருக்கலாம் என்று பிறகு ஒருநாள் மன்னிதான் சொன்னாள். ஃபால்கெய்னுக்கு அப்படிச் சொல்ல ஒரு மன்னி இல்லை.

ஃபால்கெய்னின் காலம் போய்ப் பேரரசின் காலம் வருகிறது. இப்போது இரண்டு தரப்பிடமும் கிரகங்களையே எரித்துவிடக்கூடிய ஆயுதங்கள். நேருக்கு நேர் மோதினால் இருவரும் மிஞ்ச மாட்டார்கள். ஆகவே தூதுவர்கள் விருந்துண்கிறார்கள், பரிசு மாற்றிக்கொள்கிறார்கள், பின்கட்டில் ஒற்றர்கள் கழுத்தறுக்கிறார்கள். சண்டை என்று வந்தால் அடுத்தவர் முற்றத்தில்தான்.

அப்படி ஒரு முற்றம்தான் ஸ்டார்காட் கிரகம். அங்கே இரண்டு பூர்வகுடிகள்: நிலத்தில் வாழும் புலி போன்றவர்கள், கடலடியில் வாழும் நீரினத்தார். நிலத்தாருக்குப் பூமியின் துப்பாக்கி. கடலாருக்கு மெர்சியாவின் துப்பாக்கி. ஒன்றுக்கும் உதவாத அந்த மூலைக் கிரகத்தில் மெர்சியா ஏன் இவ்வளவு செலவழிக்கிறது என்பது பூமியின் உளவுத்துறைக்குப் புரியவில்லை. இளம் அதிகாரி டொமினிக் ஃப்ளாண்ட்ரி, திருடப்பட்ட ரகசியக் கோப்பிலிருந்து கிடைத்த சில எண்களை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறான். அவை வானியல் கணக்கின் எண்கள். எந்தச் சூரியனுக்கும் சொந்தமில்லாமல் இருளில் அலையும் ஒரு கிரகம் ஸ்டார்காட்டின் சூரியன்மேல் நேராக மோதப் போகிறது, சூரியன் வெடிக்கும். அந்த நாளுக்குள் பூமியின் கடற்படையை, அதாவது விண்படையை, பெரும் அளவில் அங்கே இழுத்து வைத்துவிட்டால் ஒரு குண்டு கூடப் போடாமல் எதிரி ஒழிந்தான். பிரெக்டனின் திட்டம் இதுதான். நிலத்தாரும் கடலாரும் சாம்பலாவது அவர் கணக்கில் ஒரு சில்லறைச் செலவு.

திட்டம் தோற்றுவிடுகிறது. ஆனால் ஸ்டார்காட்டின் விதியை யார் மாற்ற முடியும்? இரண்டு இனத்தாரிலும் முடிந்தவரைக் கப்பலேற்றி வேறோர் கிரகத்தில் குடிவைக்கிறார்கள். வரிசையின் கடைசியில், 1985-ல் வந்த நாவலில், இம்ஹோதெப் என்ற அந்தக் கிரகத்தில் பிழைத்தவர்களின் சந்ததி வியாபாரம் செய்து கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். அகதி முகாமின் மூன்றாம் தலைமுறை போல.

இதெல்லாம் 1966-ல் எழுதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலம், வியட்நாமில் சண்டை. ஆண்டர்சன் வியட்நாம் போரை ஆதரித்தவர். 1968-ல் 'கேலக்ஸி' பத்திரிகையில் விஞ்ஞானக் கதை எழுத்தாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எதிரெதிரே விளம்பரம் கொடுத்தார்கள். போரைத் தொடரச் சொன்ன பட்டியலில் ஆண்டர்சன், வேண்டாம் என்ற பட்டியலில் ஐசக் அசிமோவ். அந்தச் சாய்வு கதையிலும் தெரிகிறது. சமாதானம் பேசப் போகும் ஹாக்ஸ்பர்க் பிரபுவை ஏறக்குறைய ஒரு ஏமாளியாகவே வரைந்திருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. சமாதானம் பேசப் போகிறவர்களில் ஏமாளிகளும் உண்டு, சரி. துப்பாக்கி கொடுக்கப் போகிறவர்களில் இல்லையா?

ஆனால் ஆண்டர்சனின் அடிப்படை மாதிரி அமெரிக்காவையும் ரஷ்யாவையும்விடப் பழையது. ரோமாபுரியும் பாரசீகமும்தான் இந்தக் கதைகளுக்குப் பின்னால் நிற்கின்றன. பள்ளியில் நமக்கு ரோம் தெரியும், பாரசீகம் ஒரு மூலையில் வந்துபோகும். உண்மையில் எழுநூறு ஆண்டுகள் ஒருவர் மூக்கை ஒருவர் உரசிக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். கி.மு. 53-ல் கர்ரே என்ற இடத்தில் பார்த்தியர்கள் ரோமானியத் தளபதி கிராசஸைக் கொன்று படைக் கொடிகளைப் பிடித்தார்கள். அகஸ்டஸ் அந்தக் கொடிகளை மீட்டது கி.மு. 20-ல், பேச்சுவார்த்தையால். கி.பி. 260-ல் ரோமச் சக்கரவர்த்தி வலேரியனையே பாரசீக மன்னர் ஷாப்பூர் சிறைப்பிடித்தார். அதே சமயம் இந்த இரு அரசர்களும் கடிதத்தில் ஒருவரையொருவர் சகோதரன் என்று விளித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது! 562-ல் ஐம்பதாண்டு சமாதானம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ரோமானியர் ஆண்டுக்கு 30,000 பொற்காசு கொடுப்பதாக ஏற்பாடு. இரு நாட்டு வணிகர்களும் குறிப்பிட்ட சுங்கச்சாவடிகள் வழியாகத்தான் போகவேண்டும் என்பதுவரை அதில் எழுதி வைத்தார்கள். ஐம்பதாண்டு என்று எழுதியது பத்தாண்டுதான் நின்றது.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஆர்மீனியா. அதற்கு யார் ராஜா என்பதே நூற்றாண்டுகளாகத் தகராறு. கி.பி. 63-ல் ஒரு விசித்திரமான வழி கண்டார்கள்: ராஜா பார்த்திய வம்சத்தவர், முடி சூட்டுவது ரோம். அதன்படி 66-ல் திரிதாதஸ் என்ற பார்த்திய இளவரசர் ரோமுக்கே பயணம் வந்து நீரோவின் கையால் முடி சூட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் தங்களுக்கே வெற்றி என்று பறையடித்துக்கொண்டன. ஆண்டர்சன் கதையிலும் இப்படி ஒரு நடுநிலை அரசு உண்டு. அது எங்கே இருக்கிறது தெரியுமா? பெடல்கியூஸ் என்ற செந்நிற விண்மீனைச் சுற்றி. நம் பஞ்சாங்கத்துத் திருவாதிரை அதுதான். 1951-ல் வந்த ஒரு கதையில் பூமித் தூதரும் மெர்சியாத் தூதரும் திருவாதிரை மன்னனின் விருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புன்னகை செய்கிறார்கள். மார்கழியில் களி கிண்டும்போது வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன். யாரும் ரசிக்கவில்லை.

அந்த விருந்தில்தான் அய்க்கரெய்க் என்பவன் அறிமுகமாகிறான். மெர்சியாக்காரன் இல்லை, வேறொரு தொன்மையான இனம், மெர்சியாவுக்கு வேலை செய்பவன். பக்கத்தில் நிற்பவர் மனத்தில் ஓடுவதை அப்படியே படித்துவிடுவான். இலக்கியமும் இசையும் அறிந்த, இனிமையாகப் பேசுகிற எதிரி. ஃப்ளாண்ட்ரிக்கு அவனைக் கண்டால் பயம், அதோடு ஒரு மரியாதை. ஃப்ளாண்ட்ரி என்ற ஒற்றனைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை: பட்டாடை, மீசை, மது, மங்கை என்று திரிபவன். ஜேம்ஸ் பாண்டைப் பார்த்துச் செய்த நகல் என்று நினைப்பீர்கள். பாண்ட் பிறந்தது 1953-ல், ஃப்ளாண்ட்ரி 1951-ல். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர் போதும், இவனுக்குப் போதாது.

பெரிய எதிரி ஒருவன் எல்லையில் இருந்தால் வீட்டுக்குள் என்ன ஆகும் என்பதை 'ரெபெல் வேர்ல்ட்ஸ்' நாவல் காட்டுகிறது. வரிசையில் என் மனத்தை அதிகம் வருத்தியது இதுதான். ஸ்னெலண்ட் என்ற மாகாண ஆளுநர் மகாக் கொடியவன். அவன் அக்கிரமம் பொறுக்காமல் மக்கார்மக் என்ற நேர்மையான தளபதி கலகம் செய்து, தானே சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொள்கிறார். நியாயம் முழுவதும் அவர் பக்கம். ஃப்ளாண்ட்ரிக்கும் அது தெரியும். அவர் மனைவிமேல் காதலும் வந்துவிடுகிறது. இருந்தும் கலகத்தை அவனே ஒடுக்குகிறான். படையை வைத்துச் சிங்காதனம் பிடிக்கலாம் என்று ஒருமுறை வழக்கம் ஏற்பட்டால் பிறகு ஒவ்வொரு தளபதியும் அதைச் செய்வான். உள்நாட்டுச் சண்டை நடக்க நடக்க மெர்சியா உள்ளே வரும். இதுதான் அவன் வாதம். வாதம் சரிதான். ஆனால் எதிரியின் பெயரைச் சொல்லி எத்தனை அக்கிரமத்தைப் பொறுத்துக்கொள்வது? ஆண்டர்சன் இந்தக் கேள்விக்கு வசதியான பதில் தரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஹான்ஸ் மோலிட்டர் என்ற தளபதி அதே வழியில்தான் சக்கரவர்த்தி ஆகிறார். அவரை ஆதரிப்பவன் அதே ஃப்ளாண்ட்ரி!

பேரரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் சரிகின்றன என்று ஃப்ளாண்ட்ரிக்குப் பாடம் நடத்துகிறவர் ஒரு நம்மூர்க்காரர். சுந்தர்பன் தேசாய் என்ற நிர்வாக அதிகாரி. பெயரில் குஜராத் வாசனை அடித்தாலும் பிறந்தது ராமானுஜன் என்ற கிரகத்தில். கும்பகோணத்து மேதையின் பெயர்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அமைதியானவர், ஃபைல்களில் மூழ்கிக் கிடப்பவர், அடிபட்ட கிரகங்களுக்கு நியாயம் செய்யப் பார்ப்பவர். நம் ஊர் கலெக்டர் அலுவலகத்திலிருந்து நேராக எழுந்து போனவர் போல இருக்கிறார்.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணமான டெனிட்சா. 1974-ல் வெளிவரத் தொடங்கிய 'எ நைட் ஆஃப் கோஸ்ட்ஸ் அண்ட் ஷாடோஸ்' நாவலில் வருகிறது. மெர்சியாவின் எல்லையை ஒட்டிய மனிதக் கிரகம் அது. தெற்கு ஸ்லாவ் இனத்தார் குடியேறியது. அங்கே மனிதர்களோடு மெர்சியாக்காரர்களும் வாழ்கிறார்கள். தாய்க்கிரகத்தில் ராய்துனின் ஆட்சி ஒரே முறையாகப் பரவியபோது அதில் சேர விருப்பமில்லாமல் கிளம்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அதே பச்சை நிறம், அதே வால். கடற்கரையில் மீன்பிடிக்கிறார்கள், டெனிட்சாவின் பாஷை பேசுகிறார்கள், டெனிட்சாவின் படையில் சேர்ந்து மெர்சியாவுக்கு எதிராகவே காவல் நிற்கிறார்கள். பேரரசின் தலைநகரில் இருப்பவர்களுக்கு மட்டும் அவர்கள்மேல் சந்தேகம். முகத்தைப் பார்த்தால் எதிரி ஜாடைதானே?

1967-ல் எனக்குப் பதினான்கு வயது. இந்த ஊரில் தென்னாட்டாருக்கு எதிராகக் குரல் உரக்க எழுந்திருந்த சமயம். அப்பா ஒரு மில் அலுவலகத்தில் கணக்கர்; இருபது வருடம் இங்கேயே உழைத்தவர்; மராத்தி நாடகம் என்றால் உயிர். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "கொஞ்ச நாளைக்கு பஸ்ஸில தமிழ்ல உரக்கப் பேசாதீங்கோ" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் மேல்மாடி மராத்திக்காரப் பாட்டி வந்து அம்மாவோடு வாசலில் அரைமணி நேரம் எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. டெனிட்சாவின் சபைமுன் பச்சை நிறக் குடிகள் மனித அண்டையயலாருக்காக ஊர்வலம் போகும் பக்கங்களை ரயிலில் படித்தபோதுதான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. 1985-ன் 'தி கேம் ஆஃப் எம்பயர்' நாவலில் மேக்னுசன் என்ற மனிதத் தளபதி சிங்காதனத்துக்குக் குறிவைக்கிறான். வீரன், மக்களுக்குப் பிடித்தவன், மெர்சியாவோடு நிரந்தர சமாதானம் என்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவன் மெர்சியாவில் வளர்க்கப்பட்டு, ரகசியமாக விதைக்கப்பட்ட ஆள். உருவத்தால் மனிதன், விசுவாசத்தால் மெர்சியன். யாரும் அவனைச் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் வால் இல்லை. இரண்டு நாவலையும் அடுத்தடுத்துப் படித்தால் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதே குழம்பிப்போகும். அதற்காகவே அடுத்தடுத்துப் படிக்கச் சொல்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெண்கள் பெரும்பாலும் அழகுக்காகவே வருகிறார்கள். 1985 நாவலில்தான் ஃப்ளாண்ட்ரியின் மகள் டயானா கதையைத் தானே நடத்துகிறாள். ஒற்றர் சாகசம் சில இடங்களில் நம் பழைய கறுப்பு வெள்ளை சினிமாவின் கடைசி ரீல்தான். ஆனால் அசிமோவின் புகழ்பெற்ற 'ஃபவுண்டேஷன்' கதைகளில் கேலக்ஸி முழுக்க மனிதர்கள் மட்டுமே இருக்கிறார்கள். மனிதன்தான் எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பத்திரிகை ஆசிரியர் கேம்பெல்லோடு வம்பு எதற்கு என்று அசிமோவ் அயலினத்தாரையே விட்டுவிட்டார். ஆண்டர்சன் அவர்களைக் கொண்டுவந்து, எதிரே உட்காரவைத்து, அவர்கள் பக்கத்துக் கதையையும் கேட்டார்.

பேரரசு எப்படி விழுந்தது என்பதை அவர் எழுதவே இல்லை. அடுத்த கதைகள் தொடங்கும்போது நெடிய இருட்டுக்காலம் வந்துவிட்டிருக்கிறது. ரோமும் பாரசீகமும் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். 602 முதல் 628 வரை இருபத்தாறு ஆண்டுகள் விடாமல் போரிட்டு இருவரும் சக்கையாகிப்போனார்கள். 636-ல் அரபுப் படைகள் யார்முக் நதிக்கரையில் ரோமானியரைத் தோற்கடித்தன. 651-ல் கடைசிப் பாரசீக மன்னரும் கொல்லப்பட்டார். அவர்கள் வரைபடத்தில் அரபு நாட்டைக் கவலைப்பட வேண்டிய இடமாக யாரும் குறித்திருக்கவில்லை.

படிக்க விரும்புவோருக்கு: 2008 முதல் இந்த வரிசை முழுவதையும் கால வரிசைப்படி ஏழு தொகுதிகளாக அமெரிக்காவில் மறுபதிப்புச் செய்தார்கள். ஏழும் வேண்டாம் என்றால் 'டே ஆஃப் பர்னிங்', 'என்சைன் ஃப்ளாண்ட்ரி', 'ரெபெல் வேர்ல்ட்ஸ்', டெனிட்சா நாவல், 'கேம் ஆஃப் எம்பயர்' என்ற வரிசையில் ஐந்து போதும். என் பழைய பிரதிகளைச் சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். 'ரெபெல் வேர்ல்ட்ஸ்' மட்டும் முதுகு பிரிந்திருக்கிறது, மெதுவாகத் திறக்கவும். 'டே ஆஃப் பர்னிங்' உள்ள தொகுப்பு இப்போது அங்கே இல்லை. பேரன் புனேவுக்கு எடுத்துப் போயிருக்கிறான். பொங்கலுக்குள் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.